வேப்பமரம் தெரியும் ஜன்னல்: விருதுநகர் டு சிவகாசி, ஒரு காலை நேர பஸ் பயணம்

விருதுநகரின் ஓரத்துக் காலனி ஒன்று. காலை ஆறரை மணி. தெருமுனை வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள் நிற்கிறார்கள். கையில் வயர்கூடை. அதற்குள் தூக்குவாளி, தண்ணீர் பாட்டில், சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு பழைய ஆம்பளைச் சட்டை. தலையில் மட்டும் பூ புதுசு. "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆபீஸுக்கு" என்பார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. இந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றால் ஃபைலும் ஃபேனும் கிடையாது. தீக்குச்சி அடுக்குகிற இடம் தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசுக்குத் திரி வைக்கிற இடம் வெடி ஆபீஸ். எழுபது வயதுப் பாட்டியும் "நான் இருபது வருஷம் ஆபீஸ்ல இருந்தேன்" என்று கெத்தாகச் சொல்வார். அதில் தவறும் இல்லை. குறித்த நேரத்துக்குப் போய், குறித்த நேரத்துக்குத் திரும்பி, சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற இடம் ஆபீஸ்தானே.

ஆறே முக்காலுக்குக் கம்பெனி வண்டி வருகிறது. நிற்கிறவர்கள் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு 48 வயது. அவருடைய மகள் அப்போதுதான் வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருக்கிறார். மகளுக்கும் சிவகாசி பக்கம்தான் வேலை, ஆபீஸ் வேறு. ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் பில் போடுகிறார். பி.காம் முடித்தவர். பெயர்கள் இங்கே வேண்டாம். இந்தச் சாலையில் தினமும் காலையில் இப்படி அம்மா ஒரு வண்டியிலும் மகள் ஒரு வண்டியிலும் போகிற வீடுகள் நிறைய.

மகள் பழைய பஸ் ஸ்டாண்டில் சிவகாசி பஸ் ஏறுவார். மூன்று வருடங்களாக ஒரே பழக்கம். முடிந்தவரை வலது பக்க ஜன்னல்.

ஏன் வலது பக்கம் என்பதைப் பிறகு பார்க்கலாம். பஸ் இன்னும் கிளம்பவில்லை.

விலை சொல்லும் ஊர்

விருதுநகருக்குக் காலை நேரத்தில் ஒரு வாசனை உண்டு. வத்தல், மல்லி, பருப்பு, கடலை எண்ணெய் எல்லாம் கலந்த மண்டி வாசனை. மூட்டை தூக்குகிறவர்கள் ஏழு மணிக்கே லாரிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று உளுந்து, துவரம்பருப்பு, பாமாயில் விலை போடுவார்களே, அந்த விலை பிறக்கிற தெருக்கள் இவை. இந்தச் சீமையில் பெரிதாக விளைச்சல் இல்லை, ஆனாலும் விலையைத் தீர்மானிப்பது இந்த ஊர். 1876-ல் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை வந்தபோது விருதுபட்டி என்ற சின்ன ஊருக்கு ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. வியாபாரம் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. 1923-ல் விருதுபட்டி விருதுநகர் ஆனது.

வியாபாரிகள் மகமை என்று ஒரு பங்கை எடுத்துவைத்தார்கள். வீட்டுப் பெண்கள் சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாகப் போட்டார்கள். அந்தப் பிடி அரிசிக் காசிலும் பள்ளிக்கூடம் நடந்தது. 1903-ல் இங்கே பிறந்த காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலாவுக்கு அந்தக் கதை உண்டு. பிற்காலத்தில் மதிய உணவுத் திட்டத்தை அவர் மாநிலம் முழுக்க விரித்ததற்கும் இந்தப் பிடி அரிசிக்கும் ஏதோ தொடர்பு இருக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

தேசபந்து மைதானம் பக்கம் போகிற பலருக்கு அது வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்று பார்க்கிற இடம். 1956 ஜூலை 27-ம் தேதி தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கியது இந்த ஊரில்தான். மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் முதன்மையானது. அக்டோபர் 13-ம் தேதி அவர் உயிர் பிரிந்தது. அந்தப் பெயர் சட்டப்படி வந்தது 1969-ல். இன்றைக்கு சிவகாசி பஸ்ஸில் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் வரும்? பஸ்ஸில் இடம் பிடிக்கிற அவசரத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது.

"சிவாசி, சிவாசி, சிவாசி… திருத்தங்கல் எல்லாம் ஏறு!" கண்டக்டரின் வாயில் 'கா' எப்போதோ விழுந்துவிட்டது.

வெயில் எப்போதும் முதுகில்

ஊர் எல்லை தாண்டியதும் ஜன்னல் காற்று மாறிவிடும். மண்டி வாசனை போய், காய்ந்த புல் வாசனை. சாலை தென்மேற்காகப் போகிறது. அதனால் காலையில் சிவகாசி போகிறவர்களுக்கு வெயில் முதுகுப் பக்கம். சாயங்காலம் கிழக்கே திரும்பி வரும்போதும் வெயில் முதுகுப் பக்கம்தான். தினமும் போய்வருகிறவர்கள் இதைப் பெரிய சலுகையாகச் சொல்கிறார்கள். இந்த ஊர் வெயிலை முகத்தில் வாங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மழை பெய்து வெளுத்த நாளாக இருந்தால் முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். நீலமாக, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து மலை. 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. சாம்பல் நிற அணில்கள் மரத்துக்கு மரம் தாவுகிற காடு அங்கே இருக்க, பஸ் போகிற இந்தப் பக்கம் மானாவாரி நிலம். மலை மறித்துக்கொண்டு தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே வைத்துக்கொள்கிறது. ஜூன், ஜூலையில் மலைக்கு மேலே மேகம் திரண்டு நிற்பதை ஜன்னலில் பார்த்துக்கொண்டே போகலாம். கீழே இறங்கி வராது.

மானம் பார்த்த பூமி என்று சும்மா சொல்லவில்லை. கரிசல் காட்டில் மக்காச்சோளம், பருத்தி. உழாமல் விட்ட இடமெல்லாம் சீமைக்கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். மூட்டத்திலிருந்து எழும் புகை மெல்லிசாக, வெள்ளையாக, தரையோடு படர்ந்து போகும். இந்தச் சாலையில் புகையிலும் ரகம் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். வரப்பில் மயில்கள். முதல்முறை வருகிற குழந்தைகள் "மயிலு!" என்று கத்தும்போது பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். பார்ப்பது மயிலை அல்ல, கத்திய குழந்தையை.

மழை இல்லாத ஊர் என்று நொந்துகொண்டிருந்த இடத்தில், மழை இல்லாததே ஒரு வசதி என்று கண்டுபிடித்தவர்கள் சிவகாசிக்காரர்கள். 1922-ல் பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைப் படித்துக்கொண்டு ஊர் திரும்பி 1923-ல் தொடங்கினார்கள். குச்சியும் காகிதமும் மருந்தும் காயக் காய்ந்த காற்று வேண்டும். அது இங்கே கொட்டிக் கிடந்தது. விவசாயம் பொய்த்த வீடுகளில் வேலை தேடும் கைகளும் இருந்தன. தீப்பெட்டிக்குப் பிறகு பட்டாசு, இரண்டுக்கும் லேபிள் வேண்டுமே என்று அச்சகம். நேரு இந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்று அழைத்ததாகச் சொல்லி இன்றைக்கும் பெருமைப்படுகிறார்கள்.

பரீட்சை ஹால் போல ஒரு காடு

ஆமத்தூர் நெருங்கும்போது காட்சி மாறுகிறது. வெட்டவெளிப் பொட்டலில் சின்னச் சின்ன அறைகள். ஒன்றோடொன்று ஒட்டாமல், பரீட்சை ஹாலில் பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்ததுபோல. சுவரில் பெரிதாக எண். நடுநடுவே வேப்பமரம். சுற்றிலும் வேலி. வாசலில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைப் பலகை. புதிதாகப் பார்க்கிறவர்கள் கோழிப்பண்ணை என்றோ, விற்காமல் போன பிளாட் என்றோ நினைப்பார்கள்.

அந்த இடைவெளிதான் விஷயம். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் போகக் கூடாது. அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எந்தப் பக்கமும் ஓடுவதற்குக் கதவுகள் இருக்க வேண்டும், அவை வெளிப்புறம் திறக்க வேண்டும். மருந்து கலக்க ஓர் அறை, செலுத்த ஓர் அறை, திரி வைக்க ஓர் அறை, பேக்கிங் தனி. ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கு அளவு. மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது வழக்கம். உராய்வும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நைலான் துணி கட்டக் கூடாது, நிலைமின்சாரம் பொறி கிளப்பும். பருத்திச் சேலை, பருத்திச் சட்டை. கூடைக்குள் இருந்த பழைய சட்டை அதற்குத்தான்.

விதிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காரும்போதும், அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை நடக்கும்போதும், லைசென்ஸ் எடுத்தவர் ஒருவர், குத்தகைக்கு நடத்துபவர் இன்னொருவர் என்று ஆகும்போதும்தான் அவை செத்துப்போகின்றன. ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் செய்திகளில் வருவது இந்த மூன்றில் ஒன்று அல்லது மூன்றும்.

சரி, வலது பக்க ஜன்னல். ஆமத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே ஒரு சந்து. அதன் வழியே தூரத்தில் ஓர் ஆலையின் பின்பக்கம் தெரியும். ஐந்தாறு அறைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, உயரமான ஒரு வேப்பமரம். பஸ் வேகத்தில் மூன்று விநாடி, நாலு விநாடி. மரத்துக்கு இந்தப் பக்கத்து அறையில்தான் அம்மா இருக்கிறார். மகளுக்கு அந்த அறை தெரியாது, மரம் மட்டும் தெரியும்.

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சரியான விதி. அதனால் காலை ஏழே காலிலிருந்து சாயங்காலம் வரை அம்மாவிடம் பேச வழி கிடையாது. மூன்று விநாடி ஜன்னல்தான்.

"மொதல்ல எல்லாம் பாக்கணும்னு பாக்கலைங்க. அம்மா ஒருநாள் சொன்னாங்க, அந்த மரம் ரோட்டுல இருந்து தெரியும்னு. அன்னையில இருந்து கண்ணு தானா போயிருது" என்கிறார் மகள். பக்கத்து ஸீட்டில் இருந்தால் அவர் பேச்சைப் பாதியில் நிறுத்துவதைக் கவனிக்கலாம். புளியமரம் வந்திருக்கும்.

இருட்டில் கிளம்பிய பஸ்கள்

ஏழரை மணிக்கு மேல் இந்தச் சாலையில் இரண்டு வகை பஸ்கள் எதிரும் புதிருமாக ஓடுகின்றன. மஞ்சள் நிற ஸ்கூல் பஸ்கள். பல கலர்களில் கம்பெனி பஸ்கள். கிராமத்து நிறுத்தங்களில் ஒரே மரத்தடியில் யூனிஃபார்ம் பிள்ளைகளும் வயர்கூடைப் பெண்களும் சேர்ந்து நிற்பார்கள். முதலில் எந்த வண்டி வருகிறதோ அவர்கள் போவார்கள்.

சாதாரணமான காட்சிதான். ஆனால், அந்த 48 வயது அம்மாவுக்கு அது சாதாரணமில்லை. அவர் ஒன்பது வயதில் கம்பெனி பஸ் ஏறியவர். விடிவதற்கு முன்பே ஹாரன் சத்தம் கேட்கும். தூக்கத்தோடு தூக்கமாக ஏற்றிவிடுவார்கள். பஸ்ஸுக்குள் ஒருவர் மடியில் ஒருவர் படுத்துத் தூங்குவார்களாம். தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்துக்குள் குச்சி அடுக்குகிற வேலை. இத்தனை கட்டைக்கு இத்தனை காசு. விரல் சின்னதாக இருந்தால் வேகம் வரும் என்பதுதான் அன்றைய தகுதி.

எழுபது, எண்பதுகளில் இந்தப் பகுதி நாட்டின் தலைப்புச் செய்தியானது இதனால்தான். 1976-ல் குழந்தைத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஆலை பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகி, பல பிள்ளைகள் இறந்த பிறகு அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 1990-ல் சலம் பென்னூர்க்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம், இருட்டில் கிளம்பும் அந்த பஸ்களை வெளியுலகத்துக்குக் காட்டியது. எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது.

தீர்ப்பு, சட்டம், சத்துணவு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம், அதற்கும் மேலாக "எம் புள்ள ஆபீஸுக்குப் போகக் கூடாது" என்ற தாய்மார்களின் வைராக்கியம். எல்லாம் சேர்ந்து அந்த பஸ்களின் கலரை மாற்றின. இந்த அம்மா நாலாவதோடு நின்றவர். மகளை ஒருநாள்கூட வெடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனதில்லை. லீவு நாளில் வீட்டில் பெட்டி ஒட்டக்கூட விட்டதில்லை. "அவ கையில பசை படக் கூடாதுன்னு இருந்தேன்" என்கிறார். மகள் சிரிக்கிறார். "பசை படலை, மைதான் படுது."

அம்மாவின் கையில் படுவது வெள்ளி. அலுமினியப் பவுடர். பேன்ஸி ரகத்தில் வேலை செய்கிறவர்களின் விரலிடுக்கில் சாம்பல் கலந்த வெள்ளிப் பூச்சு தங்கிவிடும். வானத்தில் வெள்ளை வெள்ளையாக மின்னுவது அதுதான். சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சை என்றால் பேரியம், நீலம் என்றால் தாமிரம். தேங்காயெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு எவ்வளவு கழுவினாலும் சோறு பிசையும்போது நகக்கண்ணில் மின்னும் என்கிறார்கள்.

பஸ்ஸுக்குள்

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து இந்த வசதி. பிங்க் முகப்பு வைத்த பஸ் வந்தால் நிறுத்தத்தில் இருப்பவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். மிச்சமாகும் காசு பெரிய தொகை இல்லை என்று சொல்கிறவர்கள், வாரக் கூலியில் வீடு நடத்திப் பார்த்தவர்கள் இல்லை.

பேச்சு காய்கறி விலையில் தொடங்கும். ஆவியூரோ அருப்புக்கோட்டையோ, யார் வீட்டுக் கல்யாணம் எங்கே என்று போகும். "யக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க." "வா தாயி, இந்தக் கூடைய மடியில வச்சுக்கோ." நிற்கிறவர்களின் கூடைகள் எல்லாம் உட்கார்ந்திருப்பவர்களின் மடிக்குப் போய்விடும். யார் கூடை யார் மடியில் என்று யாரும் கேட்பதில்லை, இறங்கும்போது சரியாக வந்துவிடும். டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் போன் பேசுகிற இளவட்டம், பின் ஸீட்டில் பாலிடெக்னிக் பையன்கள். மார்கழியில் பக்திப் பாட்டு, மற்ற மாதங்களில் இளையராஜா.

இந்தச் சத்தமெல்லாம் ஒரே நொடியில் அடங்குகிற நாளும் உண்டு.

வெடிச் சத்தம் இங்கே புதிதில்லை, சோதனைக்கு வெடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு யாரும் தலை திருப்புவதில்லை. தொடர்ந்து வந்தால், ஜன்னல் அதிர்ந்தால், பிறகு கரும்புகை தூணாக எழுந்தால்தான் திரும்புவார்கள். கரிமூட்டப் புகை தரையில் படரும், இது நேராக மேலே போகும். உடனே எல்லோர் கையிலும் போன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த ஆபீஸு?"

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் அப்படித்தான் புகை எழுந்தது. பார்த்தவர்கள் ஓடினார்கள், காப்பாற்ற. அடுத்தடுத்து வெடித்ததில் அன்று இறந்த சுமார் 40 பேரில் பலர், அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2024-லும் 2025-லும் ஊர்ப் பெயர்கள் மாறின, செய்தி மாறவில்லை. பத்திரிகைகளில் அது ஓர் எண்ணாக வரும். இந்த பஸ்ஸில் அது, நேற்று வரை மூன்றாவது நிறுத்தத்தில் ஏறிக்கொண்டிருந்த ஓர் ஆளாக வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் மகள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செய்தி வந்தது. ஊர்ப் பெயர் அம்மாவின் ஆலை இருக்கும் பக்கம். ஆலைப் பெயர் தெரியவில்லை. கேட் ஆபீஸ் நம்பர் எடுக்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு எதிர்த்திசை பஸ் ஏறினார். அன்றைக்கு இடது பக்கம் உட்கார வேண்டியிருந்தது. புளியமரச் சந்து வரும் வரை பத்து நிமிடம். மரம் இருந்தது. பச்சையாக, முழுசாக. இறங்கவில்லை, அப்படியே விருதுநகர் வரை போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து வேலையைப் பார்த்தார். சாயங்காலம் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. "சொன்னா என்ன, நாளைக்குப் போகாமலா இருப்பாங்க?"

புகை எழுந்தது வேறொரு ஆலை. அங்கேயும் யாராவது ஜன்னலில் பார்த்திருப்பார்கள்.

தங்காலும் தாள் வாசனையும்

திருத்தங்கல் வந்துவிட்டது என்பதைக் குன்று சொல்லும். மேலே நின்ற நாராயணப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பஸ்ஸில் பாதிப் பேர் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். பேச்சை நிறுத்தாமலே கும்பிடுவதில் இந்தப் பயணிகள் கைதேர்ந்தவர்கள்.

பழைய பெயர் தங்கால். சங்கப் புலவர்களில் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று ஒருவர் இருக்கிறார். சிலப்பதிகாரத்திலும் இந்த ஊர் வருகிறது. மதுரையை எரித்த கண்ணகியிடம் மதுராபதித் தெய்வம் சொல்லும் கதையில், தங்காலைச் சேர்ந்த வார்த்திகன் என்பவன் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் அடைபடுகிறான். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. தன் ஆட்கள் செய்த தவறு அரசனுக்குத் தெரியவருகிறது. பாண்டியன் அவனை விடுவித்து மன்னிப்புக் கேட்டு, ஊர்களைத் தானமாகக் கொடுக்கிறான். கதவு திறக்கிறது. ஒரு கூலிக்காரர் குடும்பம் இழப்பீட்டுக்காக எத்தனை முறை அலைகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை ஒருமுறை எடுத்துப் படிக்கத் தோன்றும்.

2021-ல் திருத்தங்கல்லைச் சேர்த்து சிவகாசி மாநகராட்சி ஆனது. அதனால் ஊர் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. மூக்குக்குத் தெரியும். மை, மண்ணெண்ணெய், புதுத் தாள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று புது நோட்டைப் பிரித்ததும் வருகிற வாசனையை ஒரு தெரு அளவுக்குப் பெரிதாக்கினால் சிவகாசி. மூன்று சக்கர வண்டிகளில் ஆள் உயரத்துக்குத் தாள் கட்டு. கட்டிங் மெஷின் சத்தம். கடையில் வடை மடிக்கிற தாளில்கூட ஒரு முருகன், பாதி அச்சான ஜனவரி மாதம், ஏதோ மிட்டாய் லேபிள். அச்சு பார்க்க ஓட்டிய வேஸ்ட் ஷீட் அது. பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதும் அதில்தான். ஒரே தாளில் பத்து லட்சுமி அச்சாகியிருக்கும் நோட்டுகளை இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும்தான் பார்க்க முடியும்.

உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கினால் அடியில் பாருங்கள், சிவகாசி என்று இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த வருடத்து காலண்டருக்கான ஆல்பத்தை இங்கே ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஆடியிலேயே இந்த ஊருக்குப் புதுவருடம் பிறந்துவிடுகிறது. மகளின் மேஜையில் இப்போதே அடுத்த வருடம் இருக்கிறது. பில் போடும்போது எப்போதாவது தீபாவளி என்றைக்கு வருகிறது என்று புரட்டிப் பார்ப்பாராம். அம்மாவின் போனஸ் அதைப் பொறுத்தது.

போனஸ் வராத வருடமும் இருந்திருக்கிறது. 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு எட்டு முதல் பத்து வரை மட்டும் பட்டாசு என்றும், பசுமைப் பட்டாசு மட்டுமே என்றும், பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்றும் சொன்னது. டெல்லி குழந்தைகளின் நுரையீரலைப் பற்றிய வழக்கு அது. நியாயமான கவலை. இங்கே பேரியம் இல்லாமல் பச்சை எப்படி வரும் என்ற கேள்வி. சரம் பின்னுவதை மட்டுமே தெரிந்த கைகள் வேறு எதைப் பின்னும் என்ற கேள்வி. ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. காலை ஆறே முக்காலுக்குத் தெருமுனையில் யாரும் இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்கரைக்குப் போனார். மகள் அப்போது காலேஜ் இரண்டாம் வருடம். அந்த செமஸ்டர் ஃபீஸுக்கு ஒரு ஜோடித் தோடு போனது. பிறகு நீரி அமைப்பின் கலவை முறைகள் வந்தன, ஆலைகள் திறந்தன, வேப்பமரத்தடியில் மறுபடி பூ வாசனை வந்தது. தோடு இன்னும் வரவில்லை.

அந்த மாதங்களில் விபத்துச் செய்தியும் இல்லை என்று அம்மா சொல்வார். சொல்லிவிட்டு, "ஆனா அரிசியும் இல்ல" என்பார்.

எட்டரை மணிக்கு பஸ் சிவகாசி ஸ்டாண்டுக்குள் திரும்புகிறது. மடியில் இருந்த கூடைகள் உரியவர் கைகளுக்குப் போகின்றன. சுமார் 25 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போகிறார். கண்டக்டர் பலகையைத் திருப்பி மாட்டுகிறார். "விருதுநகர், விருதுநகர்… ஆமத்தூர் ஏறு!"

மகள் சாலையைக் கடக்கிறார். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த நேரத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து உலை வைத்திருப்பார்.